இரத்ததானமும் அன்பளிப்புக் கூப்பனும்

சென்ற மாதம் நமது சங்கச் செயற்குழு கூடியபோது, வரப்போகும் இரத்ததான முகாம் பற்றிப் பேச்சு வந்தது. ஓர் உறுப்பினர் எழுந்து, "வருஷத்துக்கு வருஷம் ஆள் வரத்து குறைந்துகொண்டே போகிறது. தலைக்கு ரூ.500-க்கு மளிகைக் கூப்பன் கொடுப்போம் என்று நோட்டீஸ் அடித்தால் கூட்டம் தானாக வரும்" என்றார். பலரும் சரி என்றார்கள். நான் ஒருவன்தான் வேண்டாம் என்றேன். காரணம் கேட்டார்கள். அது இரண்டு வார்த்தையில் சொல்லி முடிகிற காரணமாக இல்லை. செயலாளர் அவர்கள், "அண்ணாச்சி, இதை நம் இதழில் எழுதிவிடுங்கள். எல்லோரும் படித்துவிட்டு அடுத்த கூட்டத்துக்கு வரட்டும்" என்று சொல்லிவிட்டார்.

நான் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவன். 40 வருஷமாகப் பருப்பு மொத்த வியாபாரம் செய்கிறேன். இதில் வரும் வெளிநாட்டு விவரங்கள் கல்லூரியில் பொருளாதாரம் நடத்தும் என் மகள் படித்துச் சொன்னவை. அவற்றிலிருந்து நான் எடுத்த முடிவுகள் என்னுடையவை. அவற்றைச் சிலர் ஒப்புக்கொள்ளாமல் போகலாம்.

நாம் வியாபாரிகள். துவரம் பருப்புக்குத் தட்டுப்பாடு வந்தால் விலை ஏறும். விலை ஏறினால் எங்கோ குடோனில் கிடந்த மூட்டையெல்லாம் மார்க்கெட்டுக்கு வரும். இது நமக்குப் பாலபாடம். அப்படியிருக்க இரத்தத்துக்கு மட்டும் ஏன் அந்த விதி செல்லாது என்று கேட்பது நியாயமான கேள்விதான். நானும் ஒரு காலத்தில் அப்படி நினைத்தவன். நினைத்ததோடு நிற்கவில்லை, காசு கொடுத்து வாங்கியும் இருக்கிறேன்.

1986-இல் என் அக்காவுக்குப் பிரசவம். மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. இரவு பத்து மணிக்கு நர்ஸ் வெளியே வந்து, இரண்டு பாட்டில் இரத்தம் உடனே வேண்டும் என்றார். வராந்தாவில் மாப்பிள்ளை, அவர் தம்பி, நான் என்று மூன்று பேர் இருந்தோம். மூன்று பேரும் திடகாத்திரமானவர்கள். எனக்கு அப்போது 26 வயது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். "கொடுத்தால் உடம்பு தளர்ந்துவிடும், மூட்டை புரட்ட முடியாது" என்று யாரோ எப்போதோ சொன்னது எல்லோர் மனதிலும் இருந்தது. வாசலில் டீக்கடைப் பக்கம் நின்ற புரோக்கர் ஒருவர் அரைமணி நேரத்தில் ஓர் ஆளைக் கூட்டி வந்தார். ஒல்லியான மனிதர், கண்கள் உள்ளே போயிருந்தன. பணத்தை எண்ணிப் புரோக்கர் கையில் கொடுத்தேன். அந்த மனிதர் கைக்கு எவ்வளவு போனது என்று நான் கேட்கவில்லை. பெயரும் கேட்கவில்லை. பருப்பு வாங்கும்போதுகூட எந்த ஊர்ச் சரக்கு என்று கேட்பவன் நான்.

அக்காவும் குழந்தையும் பிழைத்தார்கள். மூன்று மாதம் கழித்து அக்காவுக்குக் கடுமையான மஞ்சள் காமாலை வந்து, தேறி எழ வெகு நாள் ஆயிற்று. அந்த இரத்தத்தால்தான் வந்தது என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் டாக்டர் முதலில் கேட்ட கேள்வி, "பிரசவத்தில் இரத்தம் ஏற்றினார்களா?" என்பதுதான்.

அன்று நாடு முழுவதும் அதுதான் நடைமுறை. பெரிய ஆஸ்பத்திரி வாசல்களில் எல்லாம் இரத்தம் விற்றுப் பிழைப்பவர்கள் இருந்தார்கள். 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு பொதுநல வழக்கில் தீர்ப்புச் சொல்லி, லைசென்ஸ் இல்லாத இரத்த வங்கிகளை மூடவும், காசுக்கு இரத்தம் கொடுப்பதை ஒழிக்கவும் உத்தரவிட்டது. 1998 ஜனவரி 1 முதல் காசுக்கு இரத்தம் வாங்குவது இந்தியாவில் அடியோடு தடை செய்யப்பட்டது.

நமக்கு முன்பே இதில் சூடுபட்ட நாடு ஜப்பான். அங்கே 1960-களின் தொடக்கத்தில் ஆஸ்பத்திரி இரத்தத்தில் பெரும்பகுதி விலைக்கு வாங்கியதுதான். வறுமையில் இருந்தவர்கள் மாதத்தில் பல தடவை விற்றார்கள். இரத்தம் ஊற நேரமில்லாமல் சிவப்பணு குறைந்து, பாட்டிலில் மஞ்சளாகத் தெரிந்தது. ஜனங்கள் அதற்கு 'மஞ்சள் இரத்தம்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். 1964 மார்ச் மாதம் டோக்கியோவில் அமெரிக்கத் தூதர் ரைஷவரை ஒருவன் கத்தியால் குத்திவிட்டான். உயிரைக் காப்பாற்ற இரத்தம் ஏற்றினார்கள். உயிர் பிழைத்தது, ஆனால் ஈரலில் காமாலை நோய் வந்துவிட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஜப்பானிய அமைச்சரவை கூடி, இனித் தானமாகப் பெறுவதே வழி என்று முடிவெடுத்தது. ஏழை ஜனங்களுக்குக் காமாலை வந்தபோது கூடாத அமைச்சரவை, தூதருக்கு வந்ததும் கூடியது. உலக வழக்கம் அது.

இங்கிலாந்தில் ரிச்சர்ட் டிட்மஸ் என்ற பேராசிரியர் 1970-இல் இதைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதினார். தானம் மட்டுமே உள்ள இங்கிலாந்தையும், அப்போது விற்பனையும் கலந்திருந்த அமெரிக்காவையும் ஒப்பிட்டார். விலைக்கு வாங்கும் இரத்தத்தில் நோய் அதிகம், வீணாவதும் அதிகம் என்றார். காசு என்ற பேச்சு வந்துவிட்டால் சும்மா கொடுத்தவனும் ஒதுங்கிவிடுவான் என்றும் சொன்னார். அமெரிக்கப் பொருளாதார மேதை கென்னத் ஆரோ 1972-இல் இதை மறுத்து எழுதினார். பக்கத்து வீட்டுக்காரன் விற்கிறான் என்பதற்காக, தானம் கொடுக்க நினைப்பவன் ஏன் நிறுத்த வேண்டும் என்பது அவர் கேள்வி. வியாபாரி மூளைக்கு ஆரோ கேட்டதுதான் சரியாகப் படும். எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது.

அமெரிக்காவில் அந்தச் சண்டை முடிந்த விதம் நமக்குப் புரியக்கூடியது. அங்கே காசுக்கு இரத்தம் வாங்குவதைச் சட்டம் தடுக்கவில்லை. 1978-இல் அரசு ஒரு விதி கொண்டுவந்தது. ஒவ்வொரு இரத்தப் பையிலும் 'பணம் பெற்றவர் கொடுத்தது' அல்லது 'தன்னார்வமாகக் கொடுத்தது' என்று லேபிள் ஒட்டியாக வேண்டும். அவ்வளவுதான். லேபிளைப் பார்த்தபின் காசு இரத்தத்தை எந்த ஆஸ்பத்திரி வாங்கும்? அந்தச் சரக்கு தானாக நின்றுபோனது. (பிளாஸ்மா என்னும் நீர்ப்பகுதியை மட்டும் மருந்துக் கம்பெனிகள் இன்றும் அங்கே காசு கொடுத்து வாங்குகின்றன. அதில் கிருமியை அழிக்கும் வேலையெல்லாம் செய்த பிறகே மருந்தாகிறது. இரத்தத்தை அப்படியே ஏற்றுவது வேறு.)

இப்போதுதான் எல்லாவற்றையும் சோதனை செய்கிறார்களே என்று கேட்பீர்கள். செய்கிறார்கள். எய்ட்ஸ் கிருமி, ஈரலைத் தாக்கும் பி வகை, சி வகைக் கிருமிகள், மேக நோய், மலேரியா ஆகிய ஐந்துக்கும் ஒவ்வொரு பையையும் சோதிப்பது நம் நாட்டில் கட்டாயம். ஆனால் ஒரு விஷயத்தை நன்றாகக் கவனிக்க வேண்டும். கிருமி ஒருவர் உடம்பில் புகுந்த முதல் சில நாட்கள், சில சோதனைகளில் சில வாரங்கள், எதுவும் தெரியாது. சோதனை 'நன்று' என்று சொல்லும், இரத்தத்தில் கிருமி இருக்கும். நாம் மூட்டையில் குத்தூசி போட்டுச் சாம்பிள் எடுக்கிறோம். மூட்டைக்குள் இருப்பது குத்தூசியில் வரும். இரத்தத்தில் அந்தச் சில நாட்களுக்குக் குத்தூசி வேலை செய்யாது. அப்போது நோயாளிக்கு இருக்கும் ஒரே பாதுகாப்பு, கொடுப்பவர் வாயால் சொல்லும் உண்மைதான். "சமீபத்தில் காமாலை வந்ததா, பச்சை குத்திக்கொண்டீர்களா, என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்" என்று முகாமில் ஒரு படிவம் தருகிறார்களே, நாம் அவசர அவசரமாக எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று போட்டுவிட்டுப் படுக்கிறோமே, அந்தப் படிவம்தான் முதல் சோதனை.

நான் கூப்பன் வேண்டாம் என்றது இதனால்தான். சும்மா கொடுக்க வந்தவருக்குப் பொய் சொல்ல வேண்டிய தேவை இல்லை. "எனக்குப் போன மாதம் காய்ச்சல்" என்று சொல்லி எழுந்து போனால் அவருக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. ரூ.500-க்காக வந்தவர் அந்த உண்மையைச் சொன்னால் ரூ.500 போய்விடும்.

எதிர்த் தரப்பையும் சொல்லிவிட வேண்டும். 2008-இல் சுவீடனில் இருவர் வெளியிட்ட ஆராய்ச்சி டிட்மஸ் பக்கம் பேசுகிறது. 262 மாணவர்களை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்குக் காசு இல்லை. இன்னொன்றுக்கு ஐம்பது குரோனர். மூன்றாவது பிரிவுக்கு அதே ஐம்பது குரோனர், வேண்டாமென்றால் ஒரு தர்ம நிதிக்குக் கொடுத்துவிடலாம். ஆண்களிடம் பெரிய வித்தியாசம் இல்லை. பெண்களிடம், காசு என்றதும் இரத்தம் கொடுக்க முன்வந்தவர் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தார்கள். தர்மத்துக்குக் கொடுக்கலாம் என்றபோது பழைய எண்ணிக்கை திரும்பிவிட்டது. ஆனால் அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில் 5, 10, 15 டாலர் கடைக் கூப்பன் கொடுத்துப் பார்த்தவர்களுக்குக் கூட்டம் கூடியது. தொகை ஏற ஏறக் கூட்டமும் ஏறியது. அதே ஆராய்ச்சியாளர்கள் 2013-இல் 19 விதமான ஊக்கப் பரிசுகளை அலசியதில் 18-இல் பலன் இருந்ததாக எழுதினார்கள். ஆகவே நம் உறுப்பினர் சொன்னது ஆதாரமில்லாத பேச்சு அல்ல.

ஆனால் அந்த ஒஹாயோ கணக்கில் இன்னொரு வரியும் உண்டு. கூடிய கூட்டத்தில் கணிசமானவர்கள் பக்கத்து முகாம்களுக்குப் போக வேண்டியவர்கள். ஒரு கடையில் தள்ளுபடி போட்டால் அடுத்த தெரு வாடிக்கை இங்கே வருவது போலத்தான். ஊரில் மொத்தத் தேவை எவ்வளவு தீர்ந்தது என்பது வேறு கணக்கு. மேலும் ஐந்து டாலர் அங்கே ஒரு சிற்றுண்டிக் காசு. ரூ.500 நம் ஊரில் ஒரு சுமைதூக்கும் தொழிலாளியின் வீட்டுக்கு இரண்டு நாள் சாமான். அளவு மாறினால் குணமும் மாறும்.

சரி, காசில்லாமல் ஜனங்கள் ஏன்தான் கொடுக்கிறார்கள்?

கேட்டால் எல்லோரும் புண்ணியம், மனிதாபிமானம் என்பார்கள். பொய் இல்லை. ஆனால் அந்த மனிதாபிமானம் முந்தின வருஷமும் இருந்தது, அப்போது ஏன் கொடுக்கவில்லை? என் கதையையே சொல்கிறேன். 1986-க்குப் பிறகு ஏழு வருஷம் மனசு உறுத்திக்கொண்டுதான் இருந்தது. ஒரு தடவைகூடப் போகவில்லை. 1993-இல் ஒரு நாள் பக்கத்துக் கடை எண்ணெய் வியாபாரி, "தம்பி, கொடுக்கப் போறேன், கூட வாரியளா?" என்று கேட்டார். போனேன். அவ்வளவுதான் சங்கதி. தெரிந்த மனிதர் நேரில் கேட்டார், கூட வந்தார், பக்கத்துக் கட்டிலில் படுத்தார். சுவரொட்டி செய்யாததை அந்த ஒரு கேள்வி செய்தது. அதன் பிறகு 65 வயது முடியும்வரை 41 முறை கொடுத்துவிட்டேன். முதல் மூன்று தடவைக்குத்தான் யாராவது கூப்பிட வேண்டியிருந்தது. பின்பு 'நான் இரத்தம் கொடுக்கிறவன்' என்பது என் பழக்கமாகிவிட்டது. ஜேன் பிலியாவின் என்ற அமெரிக்கப் பேராசிரியை 1991-இல் இன்னொருவருடன் சேர்ந்து எழுதிய புத்தகத்தில் இதைத்தான் சொல்கிறாராம். திரும்பத் திரும்பக் கொடுப்பவருக்கு அது தன் அடையாளத்தில் ஒரு பகுதியாகிவிடுகிறது, பிறகு வெளியிலிருந்து தூண்டுதல் தேவைப்படுவதில்லை என்று.

தன்னார்வ இரத்ததானத்தை ஒழுங்குமுறையாகத் தொடங்கி வைத்த கதையும் கேட்டதில்தான் ஆரம்பிக்கிறது. 1921-இல் லண்டனில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து செஞ்சிலுவைச் சங்கக் கிளைக்கு, அவசரமாக ஆள் வேண்டும் என்று டெலிபோன் வந்தது. கிளைச் செயலாளர் பெர்சி ஆலிவர் சிலரைக் கூட்டிக்கொண்டு போனார். ஒரு நர்ஸின் இரத்தம் பொருந்தியது. ஆலிவர் அதோடு விடவில்லை. யார் யார் கொடுக்கத் தயார், என்ன இரத்த வகை, எங்கே இருக்கிறார்கள் என்று பதிவு எழுதித் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரிகள் டெலிபோன் செய்தால் ஆளை அனுப்புவார். ஒரு பேரேடும் ஒரு டெலிபோனும்தான் முதலீடு. கொடுத்தவர்களுக்குக் காசு கிடையாது.

சிலர் கடன் தீர்க்கக் கொடுக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் ஜேம்ஸ் ஹாரிசன் என்பவருக்கு 14 வயதில் நுரையீரல் ஆபரேஷன். ஊர் பேர் தெரியாதவர்கள் கொடுத்த இரத்தத்தால் பிழைத்தார். 18 வயது ஆனதும் நானும் கொடுப்பேன் என்று சொன்னவர், 1954-இல் ஆரம்பித்து 2018 வரை 1,173 முறை கொடுத்தார். பெரும்பாலும் பிளாஸ்மா. தாயின் இரத்த வகைக்கும் வயிற்றுப் பிள்ளையின் இரத்த வகைக்கும் ஒவ்வாமல் பிள்ளை இறந்துபோவதைத் தடுக்கும் மருந்து செய்ய அவருடைய பிளாஸ்மா உதவியது. 2025 பிப்ரவரியில், 88-வது வயதில் காலமானார். இத்தனை முறை கொடுத்தவருக்கு ஊசி என்றால் பயமாம். குத்தும்போது ஒரு தடவைகூடப் பார்த்ததில்லையாம். ஊசிப் பயத்தைச் சாக்காகச் சொல்லும் நம்மவர்களுக்கு இதைச் சொல்லலாம்.

கொடுக்காததற்கும் காரணங்கள் உண்டு, அவற்றில் நியாயமானவையும் உண்டு. "நாம் சும்மா கொடுக்கிறோம், அவர்கள் நோயாளியிடம் காசு வாங்குகிறார்களே" என்று பஜாரில் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். இரத்தத்துக்கு விலை இல்லை. பைக்கும், ஐந்து சோதனைக்கும், குளிர்சாதனப் பெட்டிக்கும், அங்கே வேலை பார்ப்பவர் சம்பளத்துக்கும் ஆகும் செலவை வாங்குகிறார்கள். பருப்பு இனாமாக வந்தாலும் கோணி, தூக்குக்கூலி, குடோன் வாடகை உண்டல்லவா? ஆனால் அந்தக் கட்டணத்துக்கு மேல் யாராவது வாங்கினால் அது குற்றம், புகார் செய்ய வேண்டியது.

உடம்பு தளரும் என்ற பயம் 1986-இல் எனக்கிருந்ததுதான். எடுப்பது 350 மில்லி. (நல்ல எடை உள்ளவர்களிடம் 450 மில்லியும் எடுப்பதுண்டு.) 18 வயதுக்கு மேல், 45 கிலோவுக்குக் குறையாத எடை, ஹீமோகுளோபின் 12.5 இருந்தால் போதும். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒரு முறை கொடுக்கலாம். முதல் முறை கொடுப்பவர் 60 வயதைத் தாண்டியிருக்கக் கூடாது. அன்று ஒரு நாள் மூட்டை தூக்கக் கூடாது, தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும்.

மூட்டை என்றதும் நான் சொல்லியே ஆக வேண்டிய ஒன்று இருக்கிறது. எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. சில வருஷங்களுக்கு முன் நம் முகாமுக்கு எவர்சில்வர் டிபன் கேரியர் அறிவித்திருந்தோம். கடைக்கு ஐந்து பேர் என்று கணக்குப் போட்டோம். நானும் என் குடோன் ஆட்கள் ஐந்து பேரைப் பெயர் சொல்லி அனுப்பினேன். மத்தியானம் முகாம் டாக்டர் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ஓர் ஆள் படிவத்தில் எல்லாம் 'இல்லை' என்று எழுதியிருக்கிறார். கண்ணைப் பார்த்துச் சந்தேகப்பட்டு விசாரித்தால், நாலு மாதம் முன்பு காமாலைக்கு நாட்டு மருந்து சாப்பிட்டவர். "ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். முதலாளி போகச் சொல்லிட்டாரு, டிபன் கேரியரும் வாங்கிட்டு வாறேன்னு வீட்ல சொல்லிட்டேன் என்கிறார்" என்றார் டாக்டர். அவரை நான் கோபிக்கவில்லை. டிபன் கேரியரைக் காட்டினது சங்கம். வரிசையில் நிறுத்தினது நான். டாக்டர் அம்மா கண்ணைப் பார்க்காமல் விட்டிருந்தால் அந்தப் பை யாருக்குப் போயிருக்கும்? 1986-இல் நான் வாங்கினேனே ஒரு பாட்டில், அதே மாதிரி.

ஆகவே அடுத்த கூட்டத்தில் நான் வைக்கப்போகும் யோசனை இதுதான். நோட்டீஸில் தேதி, இடம், நேரம் மட்டும் போடுவோம். அன்பளிப்பு பற்றி ஒரு வார்த்தை வேண்டாம். வந்தவர்களுக்குக் காப்பி, பிஸ்கட், பஸ் செலவு கொடுப்பதை உலக அளவில் செஞ்சிலுவைச் சங்கத்தாரே தவறில்லை என்கிறார்கள். சிறு நினைவுப் பொருளும் கொடுக்கலாம். அதையும் படிவம் நிரப்பி 'இன்று நீங்கள் கொடுக்க வேண்டாம்' என்று திருப்பி அனுப்பப்பட்டவருக்கும் சேர்த்தே கொடுக்க வேண்டும். அப்போதுதான் உண்மை சொன்னவருக்கு நஷ்டம் இராது.

கடை ஆட்களை முதலாளி பெயர் சொல்லி அனுப்புவது கூடாது. விருப்பப்பட்டு வருகிறவருக்குச் சம்பளத்தோடு அன்று விடுப்புக் கொடுப்போம். இத்தாலியில் இது சட்டமாகவே இருக்கிறதாம். முதலில் படுக்க வேண்டியது முதலாளிமார்களும் அவர்கள் பிள்ளைகளும். அப்புறம் யார் வந்தாலும் அது அவரவர் இஷ்டம்.

இன்னொன்று, ஒரே நாளில் 300 பை எடுத்துப் போட்டோ பிடிப்பதை விட்டுவிடலாம். சிவப்பணு 35 முதல் 42 நாள்தான் தாங்கும். இரத்தத்தட்டு அணுக்கள் ஐந்தே நாள். தேதி முடிந்தால் கொட்ட வேண்டியதுதான். தீபாவளிச் சரக்கை ஒரே வாரத்தில் இறக்கி வைத்துவிட்டுப் பொங்கல்வரை விற்கும் வியாபாரி நம்மில் உண்டா? கல்லூரிகளுக்கு விடுமுறை விடும் ஏப்ரல், மே மாதங்களில்தான் இரத்த வங்கிகளில் கையிருப்பு குறைகிறது. வருஷத்துக்கு ஒரு பெரிய முகாமுக்குப் பதில் மூன்று மாதத்துக்கு ஒரு சின்ன முகாம், அதில் ஒன்று கட்டாயம் மே மாதத்தில் வைப்போம். இரத்த வங்கிக்காரர்களிடம் எந்த மாதம் எவ்வளவு வேண்டும் என்று முதலில் கேட்டுக்கொள்வோம்.

சுவீடனில் ஸ்டாக்ஹோம் நகரத்தில், கொடுத்தவரின் இரத்தம் ஒரு நோயாளிக்கு ஏற்றப்பட்டதும் அவருக்குக் கைபேசியில் செய்தி அனுப்புகிறார்கள். நாம் அனுப்பிய சரக்கு போய்ச் சேர்ந்தது என்று லாரி ஆபீஸிலிருந்து தகவல் வந்தால் எவ்வளவு நிம்மதி! நம் ஊர் இரத்த வங்கியில் அந்த ஏற்பாடு செய்ய முடியுமா என்று விசாரித்து வைத்திருக்கிறேன், பார்க்கலாம் என்றிருக்கிறார்கள்.

மீதி வேலை, நேரில் போய்க் கேட்பது. மேல பஜாரில் 38 கடைகளுக்கும் நானே போகிறேன். கீழ பஜாருக்கும் எண்ணெய்க்காரத் தெருவுக்கும் ஆள் வேண்டும். ஒப்புக்கொள்பவர்கள் கூட்டத்துக்கு முன்பே செயலாளரிடம் பெயர் கொடுத்துவிட்டால் நோட்டுப் புத்தகத்தைப் பிரித்துக் கொடுத்துவிடுவேன்.